மலையிலிருந்து இறங்கிய ஆடுகள்

1

சென்ற வாரம் வெளிநாட்டார் அட்டையைப் புதுப்பிக்க ஜில்லா அலுவலகத்துக்குப் போனேன். ஜாவாவில் குடியிருக்கும் நம்மவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போய் நிற்க வேண்டிய இடம் அது. எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே தகராறுதான்.

நம் மதுரையின் பெயரை வெள்ளைக்காரர்கள் 'மதுரா' என்று எழுதுவது உங்களுக்குத் தெரியும். என் பாஸ்போர்ட்டிலும் பிறந்த இடம் மதுரா. ஜாவாவின் வடகிழக்கு முனையில், ஒரு குறுகிய கடலுக்கு அப்பால், இதே எழுத்துகளில் எழுதப்படும் ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் பிழைக்க வந்திருக்கிறார்கள்.

"மதுராக்காரனா? அப்படியானால் நீ உள்நாட்டுக்காரன். இந்த வரிசையில் ஏன் நிற்கிறாய்?" என்று குமாஸ்தா பக்கத்து ஜன்னலைக் காட்டினார். பக்கத்து ஜன்னலில் இருந்தவர் அந்தத் தீவிலேயே பிறந்தவர். என் காகிதத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து அவருடைய பாஷையில் மடமடவென்று ஏதோ கேட்டார். நான் விழித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு காசு பார்த்ததும் பெற்ற தாயின் பாஷை மறந்துபோகுமா?" என்று மலாய் மொழியில் திட்டி, முதல் ஜன்னலுக்கே திருப்பி அனுப்பினார். இப்படி இரண்டு ஜன்னலுக்கும் நடுவே உச்சிவேளை வரை நடந்தேன்.

இதற்கு முந்தைய வருஷங்களில் என் மகள் பாண்டியம்மாள் கூட வருவாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்து எக்கி நின்றுகொண்டு, பெரியவர்களிடம் பேசுவதற்கென்றே ஜாவாக்காரர்கள் தனியாக வைத்திருக்கும் மரியாதைச் சொற்களைக் கோத்து, "ஐயா, கடலுக்கு அந்தக் கரையில் இன்னொரு மதுரை இருக்கிறது. அப்பா அங்கே பிறந்தவர்" என்று சொல்வாள். குமாஸ்தா சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவார். அம்புட்டுதான்.

இந்தத் தடவை அவள் இல்லை. இப்போது அவள் உங்கள் பக்கத்தில் இருக்கிறாள். மேலூர் ரோட்டில், ஒத்தக்கடைப் பக்கம், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பை நிறையக் கற்களைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்தால், அது என் பிள்ளைதான். அவள் எப்படி அங்கே வந்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்களுக்கு வாடிப்பட்டிக்கு மேற்கே நிலம். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற பூமி. நெல்லோடு கொஞ்சம் கரும்பும் போடுவோம். ஆலையாட்டி வெல்லம் காய்ச்சும் நாட்களில் என் அண்ணன் சோலைதான் கொப்பரையருகே நிற்பான்.

சாறு தண்ணீராக இருக்கும் வரை தளதளவென்று கொதிக்கும். குமிழிகள் மேலே வந்து சத்தமில்லாமல் உடையும். முகத்தை நீட்டிப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. பாகு இறுக ஆரம்பித்ததும் கதை மாறிவிடும். ஆவி மேலே வர வழியில்லாமல் அடியில் சேரும். சேர்ந்து சேர்ந்து, திடீரென்று பாகைக் கிழித்துக்கொண்டு 'டப்'பென்று வெடிக்கும். அப்படித் தெறித்த பாகு ஒருமுறை அண்ணனுடைய முன்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாலும் போகாது. தோலோடுதான் வந்தது.

நான் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு கல்லூரியின் ரசாயனச் சாலையில் குடுவை கழுவும் வேலையில் இருந்தேன். கீழவாசல் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவருக்கு ஜாவாவிலும் கடை இருந்தது. வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. என் வீட்டுக்காரி பேச்சியம்மாளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் என்னைப் பார்த்து, "மாப்ள, அங்க சீனி ஆலை ஒன்னுல சாறு சோதிக்க ஆள் தேடுறாக. டச்சுக்காரன் ஆலை. ஒனக்குத் தெரிஞ்ச வேலைதான. வாரியா?" என்றார்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கு, சிங்கப்பூர் சுற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் வந்து சேர்ந்தோம். பாண்டியம்மாள் இங்கேதான் பிறந்தாள்.

3

ஆலைக் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரியின் பெயர் சித்தி. ஜாவாவில் பெண்களுக்குச் சாதாரணமாக வைக்கும் பெயர்தான். வந்த முதல் நாள் அவள் தன் மார்பைத் தொட்டுக் காட்டி, "சித்தி, சித்தி" என்றாள். பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, ஊரு பேரு தெரியாத எடத்துல ஒருத்தி வந்து, 'நான் ஒம்புள்ளைக்குச் சித்தி'ங்குறாளே!"

அப்போது பிள்ளை வயிற்றில் இருந்தது. அது வெறும் பெயர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு விஷயம் தெரிந்தபோது, "இருந்துட்டுப் போகட்டும். கூடப் பொறந்தாத்தான் தங்கச்சியா?" என்று முடித்துவிட்டாள். பாண்டியம்மாளைக் குளிப்பாட்டியது, இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது, பேசப் பழக்கியது எல்லாம் அந்தச் சித்திதான். அதனால் எங்கள் பிள்ளைக்கு முதலில் வந்தது ஜாவா பாஷை. தமிழ் அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

சித்தியின் கணவர் சுகார்ஜோ மலையில் வேலை பார்த்தார். எங்கள் ஆலைக்கு வடக்கே நிற்கிற மலை உயிருள்ள மலை. காலையில் வானம் தெளிவாக இருந்தால் உச்சியில் ஒரு வெள்ளை இழை தெரியும். இங்குள்ளவர்கள் அதன் பெயரைச் சொல்வது குறைவு. 'பெரியவர்' என்பார்கள். பெரியவர் புகைக்கிறார், பெரியவர் இருமுகிறார் என்பார்கள். மலையின் இடுப்பில் அரசாங்கம் ஒரு காவல் குடிசை போட்டிருந்தது. அங்கே இருந்து உச்சியைப் பார்த்து, மாறுதல் தெரிந்தால் டெலிபோனில் சொல்வது சுகார்ஜோவின் வேலை. கம்பி எங்கள் ஆலை வழியாகத்தான் போனது.

மலை இருமிய மறுநாள் காலையில் வாசல், வாழை இலை, கொடியில் கிடக்கும் சேலை எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். பேச்சியம்மாள் தண்ணீர் தெளித்துப் பெருக்குவாள். கொஞ்ச நாளில் அதுவும் வீட்டு வேலையில் ஒன்றாகிவிட்டது.

4

பாண்டியம்மாளுக்கு ஒன்பது வயதாகும்போது விடுப்பில் ஊருக்கு வந்தோம். வந்த அன்றே சாப்பாட்டுப் பந்தியில் அவள், "பெரியம்மா, இன்னுங்கொஞ்சம் செகோ" என்றாள். செகோ என்றால் ஜாவாவில் சோறு. எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு அவள் தமிழே பேசவில்லை. என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் அண்ணன் என்னைக் களத்துப் பக்கம் கூட்டிப் போனான்.

"டேய், நான் சொல்றேன்னு கோவிச்சுக்கிறாத. புள்ள கையவிட்டுப் போகுது. சோறுன்னு சொல்லத் தெரியல. நாளைக்கு இவள யாருடா கட்டுவான்? இங்கனயே விட்டுட்டுப் போ. எம்புள்ளைகளோட வளரட்டும்."

"அவ அம்மா விடமாட்டாண்ணே."

"அப்ப அடுத்த வருசம் அனுப்பு. எம்புட்டு நாளு கடல் தாண்டி இருப்ப? வேரு ஒரு எடத்துல இருக்கணும்ல?"

அவன் சொன்னதில் அன்பு இருந்தது, நியாயமும் இருந்தது. ஜாவாவுக்குத் திரும்பியதும் ராவுத்தரிடம் பேசி, அடுத்த வருஷம் அவருடைய குடும்பம் ஊருக்குப் போகும்போது பாண்டியம்மாளையும் சேர்த்து அனுப்புவதென்று டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்தேன். பேச்சியம்மாள் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையோ, பேச்சை எடுத்தாலே எழுந்து சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள்.

5

அந்த மழைக்காலம் முடிந்ததும் மலைமேல் ஏதோ மாறியது. உச்சியில் புதிதாக ஒரு கறுப்புக் கூம்பு தலைகாட்டி, நாளுக்கு நாள் பருத்தது. அரசாங்கத்திலிருந்து ஒரு டச்சுக்காரர் வந்தார். பாறைகளைப் படித்தவர். நெடிய ஆள், தடித்த கண்ணாடி. ஆலையில் எல்லாரும் அவரை மலைத்துரை என்றார்கள். அவருடைய சோதனைச் சாலை தொலைவில் இருந்ததால், "உங்களிடம் பிளாட்டினக் கிண்ணம் இருக்கிறதா?" என்று என்னிடம் வந்தார். சீனியை எரித்துச் சாம்பல் பார்க்க எங்களிடம் இருந்தது. அன்று முதல் பகலில் ஆலைச் சாறு, ஓய்வு நேரத்தில் மலைக்கல் என்று என் மேஜை இரண்டு வேலை பார்த்தது.

கல்லை மாவாக அரைத்து, சோடா உப்போடு சேர்த்துக் கிண்ணத்தில் உருக்கி, அமிலத்தில் கரைத்து, வற்றக் காய்ச்சினால் கடைசியில் வெள்ளைத் தூள் ஒன்று மிஞ்சும். அதுதான் சிலிக்கா. ஆற்று மணலில் இருக்கிற சத்து.

"இதை எடை போட்டால் மலையின் குணம் தெரிந்துவிடும்" என்றார் மலைத்துரை. நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவோம். "சிலிக்கா குறைவாக இருந்தால் உருகிய பாறை எண்ணெய் மாதிரி ஓடும். பசிபிக் கடலில் அப்படி மலைகள் உண்டு. நெருப்பு ஆறாக ஓடுகிறதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். சிலிக்கா கூடினால் அதன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். குழம்பு பிசினாகிவிடும். நகரச் சொன்னால் நகராது."

"நகராவிட்டால் நல்லதுதானே?"

"உள்ளே நீராவி கரைந்திருக்கிறதே! ஆழத்தில் அழுத்தம் அதிகம், அதனால் அடங்கிக் கிடக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், ஆவி குமிழியாகப் பிரியும். ஓடுகிற குழம்பில் குமிழி சுலபமாக வெளியே போய்விடும். பிசினில் எங்கே போகும்?"

எனக்கு எங்கள் கொப்பரை நினைவுக்கு வந்தது. வாயால் சொல்லி விளக்க முடியாமல், கழிவுப் பாகைக் குடுவையில் ஊற்றி அடுப்பில் வைத்துக் காட்டினேன். முதலில் தளதளத்தது. அவர் குனிந்து பார்த்தார். "தள்ளி நில்லுங்கள்" என்றேன். அவர் நிற்கவில்லை. பாகு இறுகியது, 'டப்'பென்று வெடித்தது, ஒரு துளி அவருடைய கண்ணாடியில் போய் ஒட்டியது. கோபித்துக்கொள்வாரென்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஆறியபின் நாக்கில் தொட்டுப் பார்த்து, "இனிக்கிற எரிமலை!" என்று சத்தமாகச் சிரித்தார்.

ஆனால் புதுக் கூம்பிலிருந்து எடுத்துவந்த கல்லின் எடையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பழைய கற்களில் இருந்ததைவிட அதில் சிலிக்கா கூடுதல். நான் தப்புச் செய்திருப்பேனோ என்று இன்னொரு துண்டை அரைத்தேன். அதுவும் அப்படியே வந்தது.

"இந்தத் தடவை வழியாது. உச்சியிலேயே குவியும். குவிந்தது ஒருநாள் சரியும். சரியும்போது உள்ளே அடைபட்ட ஆவி பாறையைத் தூளாக்கிக்கொண்டு வரும். நெருப்பாறு நடந்து வரும். இது குதிரையைவிட வேகமாக வரும்."

அவர் மேல் கிராமங்களுக்குச் சொல்லி அனுப்பினார். சத்தம் கேட்டால் ஆற்றுப் பள்ளத்தை விட்டு விலகி, மேட்டுக்கு ஏற வேண்டும் என்று சுகார்ஜோ ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். சில ஊர்கள் கொஞ்ச நாள் கீழே வந்து தங்கின. வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. பயிரும் மாடும் யாருக்காகக் காத்திருக்கும்? ஜனங்கள் திரும்பிப் போனார்கள்.

6

சித்தியின் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். அவர்களுடைய பிறந்த ஊர் மலையின் பாதி வழியில், ஒரு பள்ளத்தாற்றின் கரையில் இருந்தது. பேச்சியம்மாளும் பிள்ளையும் சித்தியோடு வண்டி கட்டிக்கொண்டு முதல்நாளே போனார்கள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன்.

"நம்ம வீட்டு விசேசத்துக்கு அவ வாராம இருப்பாளா? வெள்ளனப் போயிட்டு மக்காநாளு வந்துர்றோம்" என்று பேச்சியம்மாள் கேட்கவில்லை. ஊரே திரும்பி வந்து வாழ்கிற இடத்துக்கு நாங்கள் மட்டும் போகமாட்டோம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் மத்தியானம் நான் சாறு வடிகட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆலை இயந்திரமென்று நினைத்தேன். அப்புறம் டெலிபோன் மணி. சுகார்ஜோவின் குரல்.

"கூம்பு உடைந்துவிட்டது. தெற்குப் பள்ளத்தில் இறங்குகிறது."

தெற்குப் பள்ளம்தான் கல்யாண ஊரின் பள்ளம். அவருடைய மனைவியும் அங்கேதான். அவர் அடுத்த ஊருக்கு டெலிபோன் செய்யப் போய்விட்டார்.

கரும்பு ஏற்றிவரும் சிறு ரயிலின் டிரைவர் என் முகத்தைப் பார்த்தே என்ஜினைத் திருப்பினார். தண்டவாளம் முடிகிற இடத்தில் இறங்கி மேட்டுப் பாதையில் ஓடினேன். பகல் சாயங்காலம் போல் மங்கிக்கொண்டே வந்தது. சாம்பல் கொட்டியது. எதிரே ஜனங்கள் இறங்கி வந்தார்கள். எல்லாரும் ஒரே நிறம். யார் ஆண், யார் பெண் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகத் துடைத்துப் பார்க்காத குறைதான்.

"அப்பா!"

சாம்பல் பூசிய ஒரு சின்ன உருவம் சாம்பல் பூசிய ஒரு பெரிய உருவத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. பெரிய உருவத்தின் மறுகையில் ஒரு குச்சி இருந்தது. அந்தக் குச்சி எப்படி அவள் கைக்கு வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பேச்சியம்மாள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"முத்தத்துல நெல்லு காயப் போட்டுருந்தாகங்க. நான் ஒக்காந்து தேங்கா திருவிக்கிட்டு இருந்தேன். மேல இருந்து ஆளுக கத்துறாக, 'வெடுஸ்! வெடுஸ்!'னு. வெடுஸ்னா ஆடுதான? சந்தையில கேட்டுருக்கேன்ல. சரி, எவனோ ஆட்ட அவுத்து விட்டுட்டான், நெல்லத் திங்க வருதுன்னு குச்சிய எடுத்துக்கிட்டு பள்ளத்துப் பக்கமா வெரட்டப் போனேன். நாலு எட்டு வச்சிருப்பேன். இவ பின்னாடியே ஓடியாந்து முந்தானையப் புடிச்சு இழுக்குறா. 'ஆடு இல்லம்மா! மலை வருது! மேல ஏறு, மேல ஏறு!'ங்குறா. இம்புட்டுத் தமிழு அவ வாயில நான் கேட்டதே இல்லைங்க."

'வெடுஸ் கெம்பெல்' என்பார்கள் இங்கே. சடைபிடித்த செம்மறி ஆடு என்று அர்த்தம். மலையிலிருந்து நெருப்பும் தூளுமாக உருண்டு வரும் மேகம் சுருள் சுருளாக, ஆட்டுமந்தை முண்டியடித்து இறங்குவது போல் இருக்கும். அதனால் அந்தப் பெயர். மலைத்துரை எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரண வார்த்தை. பிள்ளைக்கு அது சித்தி சொன்ன கதைகளில் வரும் வார்த்தை.

கல்யாண வீட்டார் எல்லாரும் மேட்டில் ஏறிவிட்டார்கள். கீழே பள்ளத்தில் மந்தை போனது. மூங்கில் பாலம், எங்கள் வண்டி, அவிழ்த்துக் கட்டியிருந்த மாடுகள், ஆற்றோரத்துத் தென்னைகள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. மேட்டில் நின்றவர்களுக்கு முகம் பொசுங்கும்படி அனல் அடித்தது. எதிர்க்கரையில் பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர் இருந்தது. அங்கிருந்தவர்கள் ஏற நேரமில்லை. அவர்களைப் பற்றி இங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

7

நின்றுபோன கல்யாணம் சில நாள் கழித்து எங்கள் ஆலையின் சீனிக் கிடங்கில் நடந்தது. மானேஜர் மூட்டைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். பெண்ணுக்கு உடுத்தப் பட்டு இல்லை. எல்லாம் மேலே கிடந்தது. பேச்சியம்மாள் தன்னுடைய கூறைப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். ஜாவாப் பெண்கள் அதைத் தங்கள் வழக்கப்படி சுற்றிக் கட்டினார்கள். ராவுத்தர் கடையிலிருந்து மாப்பிள்ளைக்கு வேட்டித் துணி வந்தது. சாப்பாட்டில் அவர்கள் வைத்த மஞ்சள் சோற்றுக்குப் பக்கத்தில் எங்கள் சர்க்கரைப் பொங்கல். சுகார்ஜோ காவல் குடிசையிலிருந்து அன்றுதான் இறங்கி வந்தார். சித்தியைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டிலேயே கையை வைத்துச் சாப்பிட்டார்.

ராவுத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, டிக்கெட்டு வந்துருச்சு. பிள்ளைய எப்ப அனுப்புற?" என்றார்.

பேச்சியம்மாள் காதில் விழுந்துவிட்டது. "அனுப்பலண்ணே. புள்ள எந்தத் தமிழத் தொலைச்சிருவான்னு பயந்தமோ, அந்தத் தமிழுதான் என்னயக் காப்பாத்துச்சு" என்றாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

பிறகு இரண்டு வருஷம் அமைதியாகப் போனது. மலைத்துரை வரும்போதெல்லாம் பாண்டியம்மாள் என் சோதனைச் சாலையில் வந்து நிற்பாள். கல்லை அரைப்பாள், எடை பார்ப்பாள், கேள்வி கேட்பாள். ஒருநாள் அவர், "இவள் கணக்குப் படிக்க வேண்டும், ரசாயனம் படிக்க வேண்டும்" என்றார். எங்கே படிப்பது? இங்கே டச்சுப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு அலைந்தேன். நாங்கள் எந்த இனத்துப் பட்டியலில் வருகிறோம் என்று ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கேட்டது. அந்த அலுவலகம் என்னைக் கேட்டது. கடைசியில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாண்டியம்மாள் எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மதுரையில பொம்பளப் புள்ளைகளுக்கு ஹைஸ்கூல் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப நான் போறேன். பெரியப்பா வீட்டுல இருந்துக்கிறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

பேச்சியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அனுப்பப் பார்த்தபோது தடுத்தவள், தானாகப் போகிறேன் என்று நிற்பவளை எப்படித் தடுப்பாள்? எழுந்து உள்ளே போனாள். பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

8

அவள் போய் ஒரு வருஷமாகிறது. முந்தாநாள் ராவுத்தர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். துணி மூட்டையைக்கூட இறக்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சித்தியும் ஓடி வந்தாள்.

"தங்கச்சி, மொதல்ல தண்ணி குடு. சொல்லுறதுக்கு நெறைய இருக்கு" என்று உட்கார்ந்தார். "ஒம் மக பள்ளிக்கூடத்துல கணக்குல மொதலு. அத விடு. லீவுக்கு ஒத்தக்கடையில ஒங்க சொந்தக்காரவுக வீட்டுக்கு ஒம் மச்சான் சோலை கூட்டிட்டுப் போயிருக்காரு. அங்க யானைமலையப் பாத்ததும் புள்ள அப்படியே நின்னுருச்சாம். அம்மாடி, எம்புட்டுப் பெரிய கல்லு! சுத்தி சுத்தி வந்து, ஒரு துண்டப் பொறுக்கி எடுத்து, தட்டிப் பாத்து, வெயில்ல காட்டிப் பாத்துருக்கு. ஊர்க் கூட்டமே பின்னாடி."

"பெறகு?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஒங்க ஊரு மலை வெடிச்சுச்சாமே, இதுவும் வெடிக்குமான்னு ஒரு ஆளு கேட்டுருக்காரு. அதுக்கு ஒம் மக சொல்லுது: 'இதுவும் அந்த மாதிரி உருகிக் கெடந்ததுதான். இதுல மணல் சத்து அதவிட ஜாஸ்தி. ரொம்பப் பிசின். ஆனா இது மேல வரவே இல்ல. பூமிக்குள்ளயே இருந்து, அவசரமில்லாம, மெல்ல மெல்ல ஆறிருச்சு. பெறகு அழுத்தத்துல நசுங்கித்தான் இப்படி வரி வரியா இருக்கு. மேல இருந்த மண்ணு கரைஞ்சு போகவும் வெளிய தெரியுது. இனிமே வெடிக்காது, பயப்படாதீக'ன்னு."

"எங்க அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"சோலையா? அந்தாளத் தாங்க முடியல. சந்தைக்கு வாரவன் போறவனையெல்லாம் நிறுத்தி, 'எந் தம்பி மக சொல்லிருச்சுப்பா, யானைமலை வெடிக்காது'ங்குறாரு. என்னமோ இவருதான் போயி அணைச்சுட்டு வந்த மாதிரி!"

நாங்கள் சிரித்தோம். சித்திக்கு மலாயில் சொன்னதும் அவள் கை தட்டினாள். பேச்சியம்மாள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, எந்தப் பாஷையில பேசுனா?" என்று கேட்டாள்.

"நம்ம பாஷைதாம்மா. சுத்தமாப் பேசுது. எப்பவாச்சும் ஒரு வார்த்த முட்டும். அப்ப ஜாவாவ உள்ள போட்டுரும். கல்லுக்கு வாத்து, வாத்துங்குதாம். ஒத்தக்கடைப் புள்ளைக மொதல்ல வாத்து எங்கன்னு கம்மாப் பக்கம் தேடிருக்குக. இப்ப அதுகளும் கல்லப் பொறுக்கிக்கிட்டு வந்து, 'அக்கா, இந்தா வாத்து'ன்னு குடுக்குதுக."

பேச்சியம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மகள் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ராவுத்தர் விடைபெற்று எழுந்தபோது, "கொஞ்சம் இருங்கண்ணே" என்று கொல்லைப் பக்கம் போனாள். கொல்லைக்குப் பின்னால் ஓடும் ஆறு அந்தத் தெற்குப் பள்ளத்திலிருந்துதான் வருகிறது. மந்தை மேலே விட்டுப்போன கல்லையும் சாம்பலையும் மழை வெள்ளம் அடித்துவந்து போட்ட கரையில் இப்போது புல் முளைத்திருக்கிறது. கரும்பும் முன்னைவிடச் செழிப்பாக வருகிறது. அங்கிருந்து ஒரு கல்லோடு திரும்பி வந்தாள். சாம்பல் நிறக் கல். உள்ளே அடைபட்ட ஆவி கிழித்துக்கொண்டு போன ஓட்டைகள் அதில் நிறைய. தண்ணீர் ஊற்றி, ஓட்டைகளில் இருந்த மண்ணைக் குச்சியால் எடுத்து, முந்தானையில் துடைத்து, ஒரு துணியில் முடிந்து ராவுத்தர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தடவ போகையில இத அவகிட்டக் குடுங்கண்ணே. இது வெடிச்சது, அது வெடிக்காதது. ரெண்டையும் பக்கத்துல வச்சு அந்தப் புள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்க."